மலை குடித்தது போக மிச்சம்

கோச்கோர்பாய் என்று நான் சொல்லலாம், நீங்களும் சொல்லலாம். ஜிபெக் மட்டும் சொல்லக்கூடாது. அவள் அந்த வீட்டு மருமகள். ஓருக்சாய் ஊரில் மாமனார் பேரை வாய்விட்டுச் சொல்வதும் அவர் தாடியைப் பிடித்து இழுப்பதும் ஒன்றுதான். அதோடு விட்டதா? கோச்கோர் என்றால் அந்த ஊர்ப் பேச்சில் ஆட்டுக்கடா. ஆகவே அவளுக்கு ஆட்டுக்கடாவும் போச்சு. பட்டியிலிருந்து கடா அத்துக்கொண்டு ஓடினால்கூட, "கொம்புக்காரன் ஓடுறான், பிடிங்க!" என்றுதான் கத்துவாள். நேரில் 'அத்தா', வெளியில் 'எங்க வீட்டுப் பெரியவர்'. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தக் கட்டுப்பாடு ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

பெரியவருக்கோ மருமகளை நினைத்தால் தலைகால் புரியாத பெருமை. ஜிபெக்குக்கு மாவட்ட நீர்வள ஆபீசில் வேலை. மலையில் பெருமழை பெய்தால் எந்த ஊருக்கு எவ்வளவு தண்ணீர் ஓடி வரும் என்று கணக்குப் போடும் வேலை. செயற்கைக்கோள் மேலிருந்து எடுத்த படத்தில் புல் எங்கே, கட்டாந்தரை எங்கே, பாறை எங்கே என்று தெரியும். மண் வரைபடத்தில் எந்த மண் தண்ணீரை உறிஞ்சும், எது முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்று இருக்கும். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று பொருத்தி, ஒவ்வொரு மலைச்சரிவுக்கும் நூற்றுக்குள் ஒரு எண் போடுவாள். எண் ஏற ஏற மலை குடிப்பது குறையும், ஓடி வருவது கூடும். இவ்வளவுதான் விஷயம். ஆனால் கோச்கோர்பாய் சந்தையில் சொல்லும்போது கேட்க வேண்டுமே! "என் மருமவ வானத்துல உக்காந்து பாக்குறா. உன் வீட்டுக் கோழி எத்தன முட்ட போட்டுச்சுன்னு கேளு, சொல்லுவா."

அந்த வசந்தத்தில் பள்ளிக்கூடத்தில் ஊர்க்கூட்டம் போட்டு, ஜிபெக்கைப் பேசச் சொன்னார்கள். அவள் சுவரில் படத்தைக் காட்டினாள். ஊருக்கு மேலே மலைச்சரிவுகள் எல்லாம் பச்சைப் பசேல்.

"மழை பெஞ்சா மொதல்ல மலை குடிக்கும். அது வயிறு முட்டக் குடிச்சது போக மிச்சம்தான் நம்ம ஆத்துக்கு வரும்," என்றாள்.

பின் வரிசையிலிருந்து சப்பார் கேட்டார். கோச்கோர்பாயின் பால்யத் தோழர், வாயைத் திறந்தால் வம்பு. "ஏம்மா, நம்ம மலை பெருங்குடிகாரனா, இல்ல ரெண்டு கிளாஸ்லயே கவுந்துருவானா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஜிபெக்கும் சிரித்துக்கொண்டே, "நல்லாவே குடிப்பான் சப்பார் அத்தா. எப்பேர்ப்பட்ட மழை பெஞ்சாலும் தண்ணி நடுத்திட்டு மேல ஏறாது," என்றாள்.

அவள் செய்த தப்பு அந்த நிமிஷம்தான். படம் ஏப்ரலில் எடுத்தது. ஏப்ரலில் அந்த மலைகள் பச்சையாக இல்லாமல் வேறு எந்த மாதத்தில் இருக்கும்? சேற்று வெள்ளம் வசந்தத்தில்தான் வருவது வழக்கம், அதனால் வசந்தப் படம் போதும் என்று இருந்துவிட்டாள். கோடையில் ஒரு மழை எதிர்பாராமல் வந்தால் என்ன ஆகும் என்ற கணக்கை அவள் போடவே இல்லை.

நடுத்திட்டு என்பது வறண்ட ஆற்றின் நடுவே மேடாகக் கிடக்கும் கல்பரப்பு. இந்தப் பக்கம் கணுக்கால் நனையும் அளவுக்கு ஒரு வாய்க்கால், அந்தப் பக்கம் செங்குத்தான மண்சுவர். கல் நன்றாகக் காயும், காற்று நன்றாக வீசும், ரோட்டுப் புழுதி கிடையாது. ஆப்ரிகாட் பழம் காயவைக்க அதைவிடத் தோதான இடம் பூமியில் இல்லை. வெள்ளத்துக்குப் பயந்துதான் இத்தனை வருஷம் யாரும் அங்கே போகவில்லை. இப்போது வானத்திலிருந்தே உத்தரவு வந்துவிட்டதே! பழம் பழுத்ததும் முதல் ஆளாகக் கோச்கோர்பாய் தன் தட்டுகளைத் திட்டில் பரப்பினார். ஒரு கட்டிலையும் டீ கெட்டிலையும் கொண்டுபோய்ப் போட்டு அங்கேயே குடியேறிவிட்டார். பின்னாலேயே சப்பார். அவருக்குப் பின்னால் பாதி ஊர். திட்டு முழுக்க ஆரஞ்சு நிறமாகிவிட்டது.

ஜூலையில் வேறு ஏதோ வேலைக்காக ஜிபெக் புதிய படத்தைத் திறந்தாள். ஊருக்கு மேலே பச்சை என்பதே இல்லை. சரிவு முழுக்க வெளுத்துக் கிடந்தது. ஒவ்வொரு கோடையிலும் கொஞ்சம் வெளுக்கும்தான், ஆனால் இப்படியா? பழைய வருஷத்துப் படங்களை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். எதிலும் இப்படி இல்லை. புதிய எண்ணைப் போட்டுக் கணக்கை ஓட்டினாள். அதே மழைக்குத் தண்ணீர் திட்டின்மேல் ஆள் உயரத்துக்குப் போனது. மறுபடியும் ஓட்டினாள். மறுபடியும் அதேதான்.

சாயங்காலம் ரொட்டியும் சூப்புமாகச் சுடச்சுட இறக்கினாள். சாப்பிடுவதற்காக மட்டும் வீட்டுக்கு வந்திருந்த பெரியவர் நல்ல மனநிலையில்தான் இருந்தார்.

"அத்தா, திட்டைக் காலி பண்ணணும்."

"எதுக்கும்மா?"

"அந்தக் கணக்கு தப்பு."

"யார் போட்ட கணக்கு?"

"நான் போட்டதுதான்."

"அப்படின்னா சரியாத்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டு அவர் சூப்பை உறிஞ்சினார்.

"இல்லத்தா. அப்ப புல் இருந்துச்சு, இப்ப இல்ல. இந்த வருஷம் கணவாயில பனி உருக லேட்டாச்சுல்ல? மந்தையெல்லாம் மேய்ச்சல் மலைக்குப் போக முடியாம ஊர் மலையிலயே கெடந்து வேரோட மேஞ்சுடுச்சு. மண்ணையும் மிதிச்சு மிதிச்சு இறுக்கிடுச்சு. இனிமே மழை பெஞ்சா மலை ஒரு வாய் குடிக்காது. அப்படியே துப்பிடும்."

"யார் மந்தை மேஞ்சுச்சாம்?"

ஜிபெக் ரொட்டியைப் பிய்த்தாள். மந்தையில் பாதி அவருடையது. அதற்குத் தலைமை தாங்கி முன்னால் நடந்தது நம் கொம்புக்காரன்.

கோச்கோர்பாய்க்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் கோபம் வந்துவிட்டது. "ஊரே கேக்க, என் மருமவ மேலேர்ந்து பாத்துச் சொன்னான்னு மார்தட்டியிருக்கேன். இப்பப் போய், ஐயா, அவ கண்ணுல தூசி விழுந்துடுச்சு, எல்லாரும் எந்திரிங்கன்னு சொல்லவா? அந்தச் சப்பார் என்னைச் சும்மா விடுவானா? சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுவான்! ஜூலையில மழையாம் மழை. கண்ணாடிய மாத்தும்மா மொதல்ல."

ஜிபெக்கின் புருஷன் தாலாய் தட்டிலிருந்து தலையே தூக்கவில்லை. ஊருக்கும் பட்டணத்துக்கும் வேன் ஓட்டுகிறவன். மலைப்பாதையில் எந்த வளைவுக்கும் அஞ்சமாட்டான். அப்பா என்றால் மட்டும் பிரேக் பிடித்துவிடும்.

"நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று அப்புறம் அவனைக் கேட்டாள்.

"நீ சொன்னதுக்குக் கண்ணாடிதான் மாத்தச் சொன்னாரு. நான் சொன்னா செருப்பு பறக்கும்," என்றான் அவன்.

மறுநாள் ஜிபெக் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, அடி வெட்டின பால்பவுடர் டப்பாவையும் ஒரு கெட்டில் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு மலைச்சரிவுக்குப் போனாள். படம் சொல்வதைத் தரையிலும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று. மாமியார் சயிரா பின்னாலேயே மூச்சிரைக்க ஏறி வந்தாள். மருமகளுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று அவளுக்குச் சந்தேகம்.

"என்னடி இது, மலைக்குத் தண்ணி காட்டுற?"

"குடிக்குதான்னு பாக்குறேம்மா."

டப்பாவைத் தரையில் அடித்து இறக்கினாள். இறங்க மாட்டேன் என்றது. கல்லை எடுத்து ஓங்கி அடித்ததும் கொஞ்சம் இறங்கியது. தண்ணீரை ஊற்றினாள். மாவு மாதிரி இருக்க வேண்டிய மஞ்சள் மண் அது. வசந்தத்தில் இதே இடத்தில் ஊற்றிய தண்ணீர் போன சுவடு தெரியவில்லை. இப்போது டப்பாவுக்குள் தண்ணீர் அப்படியே நின்றது. இரண்டு பேரும் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு எறும்பு விழுந்து, நீந்தி, கரையேறியும் போய்விட்டது.

"நிக்குதே!" என்றாள் சயிரா.

"அதைத்தாம்மா சொல்றேன். யார் கேக்குறா?"

சயிரா காலிக் கெட்டிலை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று இறங்கிப் போய்விட்டாள். மாமியாரும் நம்பவில்லை போலிருக்கிறது என்று ஜிபெக்குக்கு அழுகை அழுகையாக வந்தது. தான் போட்ட ஒரு தப்பான எண்ணை நம்பி அந்த மனிதர் ஆற்றுக்கு நடுவில் கட்டில் போட்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவருக்கு ஒன்று ஆனால் இந்த வீட்டில் எந்த முகத்தோடு இருப்பது? ஆபீசிலிருந்து ஊர்த்தலைவருக்கு எச்சரிக்கைக் கடிதமும் அனுப்பவைத்தாள். தலைவரின் பழமும் திட்டில்தான் காய்ந்துகொண்டிருந்தது. "பழம் காஞ்சதும் பாத்துக்கலாம்," என்று அவர் சொல்லிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெயில் மண்டையைப் பிளந்தது. ஜிபெக் திராட்சைப் பந்தல் நிழலில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு மேகப்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாளாக அதுவே வேலை. ஊருக்கு மேலே வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. ஆனால் படத்தில், மலைத்திருப்பத்துக்கு அப்பால், மந்தை மேய்ந்து வெளுத்த சரிவில், இவர்கள் ஆறு பிறக்கும் இடத்துக்கு நேர் மேலே, ஒரு வெள்ளைப் பொட்டு இருந்தது. அடுத்த படத்தில் பொட்டு வட்டமாகிவிட்டது. அதற்கு அடுத்ததில் வட்டம் மேல்மலை முழுவதையும் மூடிவிட்டது. மழை அங்கே கொட்டிக்கொண்டிருக்கிறது. மலை குடிக்கப் போவதில்லை. வந்துசேர எவ்வளவு நேரம் ஆகும் என்ற கணக்கு அவளுக்கு மனப்பாடம். ஒரு கெட்டில் டீயைக் குடித்து முடிக்கும் நேரம்தான்.

"ஏங்க! வேனை எடுங்க!" என்று கத்திக்கொண்டே செருப்புகூடப் போடாமல் ஓடினாள்.

திட்டில் பெரியவர்கள் நாலைந்து பேர் கட்டிலில் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். போன் அங்கே எடுக்காது. தாலாய் கரையோரம் வேனை நிறுத்தி ஹாரனை அமுக்கு அமுக்கென்று அமுக்கினான். அவன் அப்படித்தான் எப்போதும் அமுக்குவான் என்பதால் யாரும் திரும்பவில்லை.

"அத்தா! வாங்க!" என்று ஜிபெக் கரையிலிருந்து கூப்பிட்டாள்.

கோச்கோர்பாய் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை ஆட்டினார். மருமகள் அத்தா என்று கூப்பிட்டால் அந்த ஊரில் என்ன அர்த்தம்? சாப்பாடு தயார். இந்த ஆட்டம் முடிந்ததும் போனால் போதும்.

"அத்தா! வெள்ளம் வருது! சீக்கிரம் வாங்கத்தா!"

"மறுபடியும் ஆரம்பிச்சுட்டா!" என்று கோச்கோர்பாய் முனகியது கரை வரைக்கும் கேட்டது. சப்பார் வானத்தை அண்ணாந்து பார்த்து, ஒரு துண்டு மேகம்கூட இல்லாததைப் பார்த்து, உள்ளங்கையை நீட்டி மழைத்துளி பிடிப்பது போல நடித்துக் காட்டினார். அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அப்போதுதான் சத்தம் கேட்டது. பத்து லாரி சேர்ந்து மலையிறங்குகிற மாதிரி, மேலே எங்கேயோ, மெதுவாக. வாய்க்கால் தண்ணீர் கலங்கிப் பழுப்பாக மாற ஆரம்பித்தது. இன்னும் எத்தனை அத்தா சொன்னாலும் இந்த மனுஷர் எழுந்திருக்கப் போவதில்லை. அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். வயிற்றிலிருந்து இழுத்துக் கத்தினாள்.

"கோச்கோர்பாய்!"

அடேயப்பா! திட்டில் சிரிப்பு பொட்டென்று நின்றது. சீட்டு கையிலிருந்து நழுவியது. தாலாய் ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டு, வேனுக்குள்ளேயே குனிந்துகொண்டான்.

"யோவ்," என்றார் சப்பார், மெதுவாக. "உன் மருமவ உன் பேரச் சொல்லிட்டா."

"கோச்கோர்பாய்! ஏய் கோச்கோர்பாய்! வரப்போறியா இல்லையா?"

ஆரம்பித்தது ஆரம்பித்தாயிற்று, இனி மரியாதை எதற்கு என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். பெரியவர் முகம் காயவைத்த பழத்தின் நிறத்துக்கு வந்துவிட்டது. கட்டிலிலிருந்து குதித்தார். வெள்ளைக் கல்பாக் தொப்பியைக் கையில் பிடித்து, தடியை ஓங்கிக்கொண்டு, வாய்க்காலைத் தாண்டிக் கரையை நோக்கி ஓடி வந்தார். அந்த வயசில் அப்படி ஓடுவார் என்று அவர் பெண்டாட்டிக்கே தெரியாது. மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? இப்படி ஒரு வேடிக்கை ஆயுசில் ஒரு தடவைதான் கிடைக்கும். சப்பார் முன்னால், மற்றவர்கள் பின்னால், ஒருத்தர் விடாமல் வேட்டையாடுகிறவர்கள் போல ஓடி வந்து கரையேறினார்கள்.

"நீ... நீ... என்னையா..." என்று கோச்கோர்பாய் மூச்சு வாங்கிக்கொண்டே தடியை உயர்த்தினார்.

அவருக்குப் பின்னால் ஆற்றுவளைவில் அது திரும்பியது. தண்ணீர் என்று சொல்ல முடியாது. மண்ணும் கல்லும் வேரோடு பிடுங்கிய மரமுமாக ஒரு பழுப்புச் சுவர் உருண்டு வந்தது. திட்டின்மேல் ஏறியது. கட்டில் ஒரு சுற்றுச் சுற்றி, நாலு காலும் மேலே தெரிய, போயேபோய்விட்டது. ஆரஞ்சுத் தட்டுகள் ஒவ்வொன்றாக மிதந்து அதன் பின்னாலேயே போயின. தலைக்கு மேலே வெயில் அப்படியே அடித்துக்கொண்டிருந்தது.

பெரியவர் ஓங்கின தடி தானாகக் கீழே இறங்கியது. ஜிபெக் தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். பயமா, வெட்கமா, நிம்மதியா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

"அத்தா, மன்னிச்சிடுங்கத்தா. நான் வேணும்னு சொல்லல..."

"அத்தாவாம் அத்தா," என்றார் கோச்கோர்பாய். குரல் கரகரத்தது. பக்கத்தில் உட்கார்ந்து, தன் தொப்பியை எடுத்து அவள் தலையில் கவிழ்த்தார். "அத்தா அத்தான்னு ரெண்டு தடவ கூப்பிட்ட, அந்த அத்தா எந்திரிச்சானா பாரு, மடப்பய. பேரச் சொன்னப்பறம்தான ஒருத்தன் எந்திரிச்சு ஓடியாந்தான்!"

"பழம் போச்சேப்பா, வருஷத்துப் பழம் பூராவும்," என்று தாலாய் மெதுவாக வேனிலிருந்து இறங்கினான்.

"யாரு சொன்னா?" என்றது பின்னாலிருந்து சயிராவின் குரல். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "காய்ஞ்சதைப் பூரா தினமும் நான்தான் மூட்டை கட்டிக் கொண்டாந்துட்டேனே. வீட்டுக் கூரையில போய்ப் பாரு. உங்கப்பாதான் மூட்டைய தூக்கிக் கழுதை மேல வச்சாரு, தரம் பிரிக்கத்தான் கொண்டு போறேன்னு சொன்னேன், நம்பிட்டாரு. மலை ஒரு டப்பாத் தண்ணியக்கூடக் குடிக்கலைன்னு நான்தான் என் கண்ணால பாத்தேனே."

கோச்கோர்பாய் பெண்டாட்டியைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். "சப்பாரு," என்றார், "என் வீட்டுல என்னைத் தவிர எல்லாருக்கும் மூளை இருக்குய்யா."

"அது எங்களுக்கு எப்பவோ தெரியும்," என்றார் சப்பார். அவர் பழத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அன்று ராத்திரியே சயிரா அவர் வீட்டுக்கு மூன்று மூட்டை அனுப்பிவைத்தாள்.

அடுத்த வசந்தத்தில் ஜிபெக் ஒவ்வொரு சரிவுக்கும் இரண்டு எண் போட்டாள், ஒன்று பச்சைக்கு, ஒன்று கோடைக்கு. ஊருக்கு மேலே இருக்கும் சரிவில் மந்தை ஏறக்கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவானது. அதைச் சொன்னது கோச்கோர்பாய். கொம்புக்காரனை வேலி போட்டு அடைத்ததும் அவரேதான். கூடவே இன்னொரு தீர்மானமும் கொண்டுவந்தார்: வெள்ளம் வருகிற அன்றைக்கு மருமகள்கள் எல்லாரும் மாமனாரைப் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். அத்தா என்றால் சாப்பாடு, பேர் என்றால் வெள்ளம். பழக்கமில்லாமல் கடைசி நிமிஷத்தில் வாய் வராதே, அதனால் ஒரு நாள் ஒத்திகையும் பார்க்க வேண்டும்.

ஒத்திகை நாளன்று ஊரே திரண்டுவிட்டது. பெரியவர்கள் திட்டில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மருமகள்கள் கரையில் நின்றார்கள். முதலில் ஒருத்திக்கும் வாய் திறக்கவில்லை, முக்காட்டு நுனியைக் கடித்துக்கொண்டு சிரித்தார்கள். அப்புறம் சப்பாரின் மூத்த மருமகள், பேரப்பிள்ளையே எடுத்துவிட்டவள், தொண்டையைச் செருமிக்கொண்டு, "சப்பாரூ!" என்று ஒரு கத்து கத்தினாள் பாருங்கள், எதிர்க்கரையில் மேய்ந்த குதிரை மிரண்டுவிட்டது. இத்தனை வருஷத்து ஆத்திரம் அதில் இருந்தது. அதற்கப்புறம் யாரை நிறுத்த முடியும்? ஆளாளுக்குக் கத்தினார்கள். தேவைக்கு மேலேயே கத்தினார்கள். பெரியவர்கள் ஒவ்வொருவராக எழுந்து ஓடிவந்தார்கள்.

கடைசியில் கோச்கோர்பாய் மட்டும் புதுக் கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

ஜிபெக் வாயைத் திறந்தாள். "அத்தா..." என்றுதான் வந்தது. வெள்ளம் இல்லாதபோது அந்தப் பேர் அவள் நாக்கில் ஏறவே மாட்டேன் என்றது.

"அத்தா டீ குடிக்கிறாரு," என்று திட்டிலிருந்து பதில் வந்தது. "எந்திரிச்சு வரக்கூடிய ஆளைக் கூப்பிடு."

"கோச்கோர்பாய்," என்றாள், தலையைக் குனிந்துகொண்டு.

"கேக்கல!"

கரையில் சிரிப்பு வெடித்தது. சயிரா மருமகள் முதுகில் ஒன்று வைத்தாள். ஜிபெக் நிமிர்ந்து, மூச்சை இழுத்து, மேல்மலைக்கே கேட்கிற மாதிரி மாமனார் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

"வந்துட்டேம்மா!" என்று கோச்கோர்பாய் டீக்கிண்ணத்தோடு எழுந்து ஓடி வந்தார்.